டயர் செய்த குதிரை டாக்டர்

டன்லப் என்றதும் டயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜான் பாய்ட் டன்லப் செய்த தொழில் கால்நடை வைத்தியம்!

ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற ஊரில் 1840-ம் ஆண்டு பிறந்தார். கால்நடை மருத்துவம் படித்துத் தேறினார். அயர்லாந்துக்குப் போய் பெல்பாஸ்ட் நகரில் வைத்தியம் பார்த்தார். நல்ல வருமானம்.

அந்தக் காலத்து சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். உள்ளே காற்று கிடையாது. தெருக்களோ கல் பாவியவை. மகன் ஜானி மூன்று சக்கர சைக்கிளில் போனால், உடம்பெல்லாம் குலுங்கும்.

முற்றத்தில் சோதனை

1887-ம் ஆண்டு டன்லப் ஒரு வட்டப் பலகை செய்தார். அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாய் வைத்தார். மேலே துணி போர்த்தி ஆணி அடித்தார். குழாயில் காற்று ஏற்றினார். பிறகு ஜானியின் சைக்கிள் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் பாதி வழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து, கதவில் மோதித் திரும்பியது!

1888-ல் மகனுடைய சைக்கிளுக்கே காற்று டயர் போட்டார். அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1889 மே மாதம் பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம் நடந்தது. வில்லி ஹியூம் என்பவர் காற்று டயருடன் வந்தார். பருத்த டயரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் ஜெயித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பஞ்சர் தொல்லை

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. டயரைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். முள் குத்தினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மறுபடி ஒட்டிக் காய வைக்க வேண்டும். பல மணி நேர வேலை!

1890-ல் வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் தனித்தனியே இதற்கு வழி கண்டார்கள். கழற்றி மாட்டும் டயர் வந்தது. வெல்ச் டயரின் ஓரத்தில் கம்பி வைத்தார். இன்றைய மோட்டார் சைக்கிள் டயரிலும் ஓரத்தில் கம்பி உண்டு.

பாரத்தைத் தாங்குவது காற்றுதான். அது குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதனால் சூடேறும். உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்துவிடும். ஓட்டத்திலேயே டயர் வெடிப்பதும் உண்டு. ஆணி குத்துவதைவிட இது ஆபத்தானது.

கை நழுவிய உரிமை

1890-ல் டன்லப் தலையில் இடி விழுந்தது. காப்புரிமை செல்லாது என்றார்கள்! ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே குதிரை வண்டிக்குக் காற்று டயர் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். அன்று அதை வாங்குவார் அதிகம் இல்லை. உலகம் அதை மறந்தே போனது. டன்லப்புக்கும் அது தெரியாது.

டயர் கம்பெனி வெல்ச், பார்ட்லெட் இருவரின் உரிமைகளை விலைக்கு வாங்கிப் பிழைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் டன்லப் விலகினார். 1896-ல் அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்கு விலைபோனது. அதில் அவருக்குப் பங்கில்லை.

தாடி வைத்த அவர் முகமே கம்பெனியின் முத்திரை ஆயிற்று. அவரோ டப்ளின் நகரில் துணி வியாபாரத்தில் இறங்கினார். 1921-ல், 81-வது வயதில், அதே நகரில் காலமானார்.