பொம்மை மருத்துவமனையில் வளர்ந்த பெண்மணி

பொம்மை வைத்து விளையாடாத பெண் குழந்தை உலகில் எந்த நாட்டிலும் இருக்க முடியாது. மரமோ, மண்ணோ, கந்தைத் துணியோ, ஏதோ ஒன்றுக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, அதைத் தாலாட்டி உறங்க வைப்பது குழந்தையின் இயல்பு. ஆனால் அந்தப் பொம்மையைச் செய்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. பொம்மை உடையின் மேல் தம் பெயரையே தைத்து அனுப்பி, அந்தப் பெயரை உலகம் மறவாதபடி செய்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர்தான் மேடம் அலெக்சாண்டர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இவ்விதழில் நம் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

மேடம் அலெக்சாண்டர் 1895ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெர்த்தா. பிற்காலத்தில் அவரே அதைப் பியாட்ரிஸ் என்று மாற்றிக்கொண்டார். தாயார் ஹன்னா பெப்பர். தந்தையாக நின்று வளர்த்தவர் மாரிஸ் அலெக்சாண்டர். யூத குலத்தவரான மாரிஸ், ஒடெஸ்ஸா நகரிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்து குடியேறியவர். பெர்த்தாவுக்கு ரோஸ், ஃபுளோரன்ஸ், ஜீன் என மூன்று சகோதரிகள்.

மாரிஸின் தொழில் விந்தையானது. பெர்த்தா பிறந்த அதே 1895இல் அவர் ஒரு பொம்மை மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் பொம்மை மருத்துவமனை என்று அதைச் சொல்வார்கள். அந்நாளில் நல்ல பொம்மைகள் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றின் தலை பீங்கானால் ஆனது. கை தவறினால் போதும், தலை சுக்குநூறாகிவிடும். உடைந்த பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு சிறுமியர் அழுதபடி கடைக்கு வருவார்கள். பணக்கார வீட்டுக் குழந்தை குதிரை வண்டியில் வந்திறங்கும். அண்டை வீட்டு ஏழைக் குழந்தை நடந்து வரும். இரண்டின் கண்ணீரும் ஒன்றுதான். கடைக்கு மேலேயே குடியிருந்த பெர்த்தா இந்தக் காட்சிகளைப் பார்த்தே வளர்ந்தார்.

உடைந்துவிடும் பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்பது தகுமா? இக்கேள்விக்கு விடை தேடியதே அவருடைய வாழ்க்கை என்று சொன்னால் மிகையாகாது.

போரும் பொம்மையும்

பெர்த்தா படிப்பில் கெட்டிக்காரி. வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளியில் தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார். 1912இல் ஃபிலிப் பெர்மன் என்பவரை மணந்தார். தொப்பி வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையும் பார்த்தார். 1915இல் மில்ட்ரெட் என்ற பெண் குழந்தை பிறந்தது.

அவ்வேளையில் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் சரக்குகள் நின்றன. பொம்மையும் வரவில்லை, பழுது பார்க்க வேண்டிய உதிரிப் பாகமும் வரவில்லை. மாரிஸின் கடை மூடும் நிலைக்கு வந்தது. குடும்பம் முழுவதும் அந்த ஒரு கடையை நம்பியிருந்தது. இடிந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் பெர்த்தா ஊசியையும் நூலையும் கையிலெடுத்தார். சகோதரிகளையும் சேர்த்துக்கொண்டு சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து, செஞ்சிலுவைச் சங்கத் தாதியின் உருவில் துணிப் பொம்மைகளைத் தைத்தார். போர்க்காலத்தில் அனைவருடைய மதிப்பையும் பெற்றிருந்தவர்கள் தாதியர் அல்லவா? பொம்மைகள் விற்றுத் தீர்ந்தன. கடை பிழைத்தது. துணிப் பொம்மை கீழே விழுந்தால் உடைவதில்லை என்பதையும் பெர்த்தா மனத்தில் குறித்துக்கொண்டார்.

1923ஆம் ஆண்டு 1,600 டாலர் கடன் வாங்கி அலெக்சாண்டர் பொம்மைக் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. வீட்டுப் பெண் கம்பெனி நடத்துவதா என்று உலகம் வியந்த காலம் அது. கணவர் ஃபிலிப்பும் தம் வேலையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

கதைகளுக்கு உருவம் தந்தவர்

பெர்த்தா, அதாவது பியாட்ரிஸ், புத்தகப் பிரியர். பொம்மை என்றால் அதற்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அற்புத உலகம் சென்ற ஆலிஸைத் துணியில் செய்தார். லூயிசா மே ஆல்காட் எழுதிய நான்கு சகோதரிகளின் கதை 1933இல் திரைப்படமாக வந்தபோது மெக், ஜோ, பெத், ஏமி ஆகிய நால்வரும் அவருடைய பொம்மைகளாகக் கடைக்கு வந்தார்கள். மூன்று சகோதரிகளோடு வளர்ந்த அவருக்கு அந்தக் கதை எவ்வளவு நெருக்கமாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1934ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கனடா நாட்டில் ஒரு கத்தோலிக்க ஏழைக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தன. டியோன் சகோதரிகள் என்று அவர்களை உலகம் அறிந்தது. அவர்களுடைய உருவில் பொம்மை செய்ய உரிமை பெற்றது அலெக்சாண்டர் கம்பெனிதான். அப்பொம்மைகள் ஏராளமாக விற்றன. ஆயினும் இதன் மறுபக்கத்தை நாம் மறைக்கலாகாது. அந்த ஐந்து குழந்தைகளையும் பெற்றோரிடமிருந்து பிரித்து, வேடிக்கைப் பொருளாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது ஒன்டாரியோ அரசு. அப்போது உயிரோடிருந்த மூன்று சகோதரிகளுக்கு 1998இல் அந்த அரசு 40 லட்சம் கனடா டாலர் இழப்பீடு வழங்கியது. பொம்மையைக் கொஞ்சிய உலகம் உயிருள்ள குழந்தைகளின் வேதனையைப் பார்க்கத் தவறியது. இது நம் சிந்தனைக்குரியது.

கடின பிளாஸ்டிக் வந்தது

1930களில் பெரும்பாலான பொம்மைகள் மரத்தூளையும் பசையையும் பிசைந்து அச்சிலிட்டு, மேலே சாயம் பூசியவை. பீங்கானைப் போல் இவை உடையமாட்டா. ஆனால் ஈரம் பட்டால் ஊறும். வெயில் பட்டால் மேல் பூச்சு வெடித்து முகமெல்லாம் கோடு விழும். பெர்த்தாவின் பழைய கேள்விக்கு இதுவும் முழு விடையன்று.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. போருக்காக வளர்ந்த பிளாஸ்டிக் தொழில் வீட்டுப் பொருள்களின் பக்கம் திரும்பியது. அவ்வாய்ப்பை முன்னதாகவே பற்றிக்கொண்டவர்களுள் ஒருவர் மேடம் அலெக்சாண்டர். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி, முன்பாதி பின்பாதி என இரு துண்டுகளாக வார்த்து ஒட்டுவார்கள். கையையும் காலையும் உள்ளே எலாஸ்டிக் கொண்டு இணைப்பார்கள். படுக்க வைத்தால் மூடி, நிமிர்த்தினால் திறக்கும் கண்களைப் பொருத்துவார்கள். இத்தகைய பொம்மை கைக்குக் கனமாயிருக்கும். முகத்தின் மென்மையான வளைவுகள் தெளிவாக விழும். கழுத்தும் காதும் செதுக்கியது போலிருக்கும். ஏறக்குறைய 1960 வரை கடின பிளாஸ்டிக்கின் காலம். பிறகு மெத்தென்ற வினைல் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பொற்காலத்தில் மேடம் செய்தவை பல. 1950களின் தொடக்கத்தில் சிந்தியா என்னும் கறுப்பினச் சிறுமிப் பொம்மையை வெளியிட்டார். வெள்ளை நிறமே அழகு என்று கடைகள் நம்பியிருந்த நாளில், கறுப்பினக் குழந்தையையும் அதே நேர்த்தியான உடையோடு செய்தது துணிவான செயல். 1953 ஜூன் 2ஆம் நாள் எலிசபெத் அரசியார் முடிசூடியபோது, அந்த விழாவை 36 பொம்மைகளால் அப்படியே உருவாக்கிக் காட்டினார். அத்தொகுதி புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதே ஆண்டில் வெண்டி என்ற 8 அங்குலச் சிறுமி பிறந்தாள். 1955இல் உயர்ந்த குதிகால் செருப்பணிந்த சிஸ்ஸி என்னும் சீமாட்டி வந்தாள். பார்பி பொம்மை வெளிவந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து 1959இல்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய பொம்மைகள் விலை மிகுந்தவை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பிய ஏழைச் சிறுமியர் பலர். அவர்களில் சிலர் வளர்ந்து வேலைக்குப் போனபின், சிறுவயதில் கிட்டாத பொம்மையைத் தேடி வாங்கினார்கள். பொம்மை சேகரிக்கும் கலை வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பொம்மையை அறிவது எப்படி?

பழைய கடின பிளாஸ்டிக் பொம்மை கையில் கிடைத்தால் அது யார் செய்தது என்று அறிவது எளிதன்று. வோக் கம்பெனியின் ஜின்னி, ஐடியல் கம்பெனியின் டோனி என அக்காலத்தில் பலர் ஒன்றுபோல் தோன்றும் பொம்மைகளை விற்றார்கள். பல பொம்மைகளில் எந்த முத்திரையும் இராது. எனவே சேகரிப்போர் ஒரு மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்ப்பார்கள்.

முதலில் பிடரியையும் முதுகையும் பார்க்க வேண்டும். அலெக்சாண்டர் பொம்மைகள் பலவற்றில் அலெக்ஸ் அல்லது அலெக்சாண்டர் என்று பதிந்திருக்கும். அடுத்து உடையில் தைத்த சிறு துணிப் பட்டை. இதுவே முக்கியச் சாட்சி. ஏனென்றால் மேடம் சில முக அச்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். மார்கரெட் என்று பெயர் பெற்ற ஒரே முகம், முடியும் உடையும் மாறியதும் ஒரு நாள் மெக் ஆகும், மற்றொரு நாள் சின்ட்ரெல்லா ஆகும். உடையை இழந்த பொம்மை பெயரையும் இழந்துவிடும்.

மூன்றாவது கால்கள். 8 அங்குல வெண்டியின் வயதை அவள் முழங்காலே சொல்லிவிடும். 1953இல் கால் நேரானது, நடக்காது. 1954, 1955இல் நேரான காலோடு நடக்கும். நடக்கும்போது தலையும் பக்கத்துக்குப் பக்கம் திரும்பும். 1956 முதல் 1964 வரை முழங்கால் மடங்கும், நடக்கவும் செய்யும். 1965 முதல் 1972 வரை முழங்கால் மடங்கும், ஆனால் நடக்காது. 1973 முதல் மீண்டும் நேரான கால்.

காப்பாற்றும் முறையும் உண்டு. தலையை நீரில் முக்கலாகாது. கண்ணுக்குள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். வெயிலில் வைத்தால் கன்னத்துச் சிவப்பு மங்கும். சிலவகைப் பிளாஸ்டிக் பொம்மையில் காடி வாடை வீசினால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மற்றவற்றினின்று பிரித்து வைக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் மேலானது நேர்மை. ஒரு பொம்மையின் உடையை மற்றொன்றுக்கு மாட்டி, பெயர் மாற்றி விற்பது பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

நிறைவான வாழ்வு

புகழ் அவரைத் தேடி வந்தது. பல நாட்டு உடையணிந்த அவருடைய பொம்மைகளை ஐக்கிய நாடுகள் சபை 1965இல் சிறப்பித்தது. 1968இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருடைய பொம்மைகள் இரண்டைத் தன் சேகரிப்பில் ஏற்றது. கணவர் ஃபிலிப் 1966இல் மறைந்த பின்னும் மேடம் ஓயவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த தொழிற்சாலையில் பல பெண்கள் தையலும் முடி அலங்காரமும் செய்து பிழைத்தார்கள். 1988இல்தான் கம்பெனியைப் பிறர் கையில் ஒப்படைத்தார். 1990 அக்டோபர் 3ஆம் நாள், 95 வயது நிறைந்தவராய், ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் நகரில் கண் மூடினார்.

அன்புத் தோழியரே! ஐந்து தாலந்து பெற்றவன் அதைப் புதைத்து வைக்காமல் பெருக்கியதாக நற்செய்தியில் படிக்கிறோம். பெர்த்தா பெற்ற தாலந்து ஊசியும் நூலும் ஒரு குழந்தையின் கண்ணீரைக் கண்ட நினைவும்தான். குடும்பத்துக்கு இடர் வந்த வேளையில் அவற்றைக்கொண்டே எழுந்து நின்றார். தையல் வகுப்பைப் பொழுதுபோக்கு என்று எண்ணும் நாம் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ வைத்து விளையாடிய பொம்மை ஒன்று கிடக்கக்கூடும். அதைக் குப்பையில் எறியுமுன் தூசி தட்டி, பிடரியைத் திருப்பிப் பார்ப்போம். யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் அந்தப் பொம்மையின் கதை நமக்குக் கிடைக்கும்.