நோயையும் ஏட்டில் எழுதச் செய்த மன்னர்

தஞ்சைத் தரணியில் பிறந்த நாம் சரபோஜி மன்னரின் பெயரை அறியாதவர்கள் அல்லர். நன்னிலத்திலிருந்து தஞ்சைக்குச் சுற்றுலா செல்லும்போதெல்லாம் பெரிய கோயிலைக் கண்டபின் அரண்மனைக்குச் செல்கிறோம். சரஸ்வதி மகாலின் ஓலைச்சுவடிகளை வியந்து நோக்குகிறோம். ஆனால் ஏழை எளியவரின் நோய்களையும் ஏட்டில் எழுதி வைக்கச் செய்தவர் அந்த மன்னர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டாம் சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். பிள்ளையில்லாத துளஜா மன்னர் 1787இல் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் மன்னர் மறைந்தார். பத்து வயதுச் சிறுவனைக் காக்கும் பொறுப்பு, ஜெர்மானியப் பாதிரியாரான சுவார்ட்ஸ் ஐயரிடம் வந்தது. அரியணையில் அமர்ந்ததோ அமர்சிங். அவர் ஆட்சியில் சிறுவனின் கல்வி தடைப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயர் விடாமல் முறையிட்டதன் பயனாகச் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார்.

1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி முடிசூடினார். தம்மை ஆளாக்கியவரை அவர் மறக்கவில்லை. இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் நினைவுச் சின்னத்தைத் தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் நிறுவச் செய்தார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவை மன்னர் காண வந்த காட்சியை இன்றும் அதில் பார்க்கலாம்.

முடிசூடிய மறு ஆண்டே, 1799இல், உடன்படிக்கை ஒன்றின் மூலம் நாட்டின் நிர்வாகம் ஆங்கிலக் கும்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் மானியமுமே. வேறொருவராயிருந்தால் சோர்ந்து போயிருப்பார். அல்லது கேளிக்கையில் நாளைக் கழித்திருப்பார். சரபோஜி அறிவை ஆளத் தொடங்கினார். நூல்களைத் தேடிச் சேர்த்தார். தம் நூல்களில் ஆங்கிலத்தில் கையொப்பமிட்டார். 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை சென்றபோதும் ஏடுகளைச் சேகரித்தார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் அன்னமும் கல்வியும் அளித்தார்.

அவர் அமைத்த தன்வந்திரி மகாலே நமக்கு இங்கே முக்கியம். அங்கே நம் நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் ஒருங்கே ஆராயப்பட்டன. பயன் கண்ட மருந்து முறைகள் தமிழ்ப் பாடல்களாக இயற்றப்பட்டன. கண்ணோய், நீரிழிவு முதலியவற்றுக்கான அம்முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பின்னாளில் நூல்களாக வெளிவந்தன. கண் நோயாளிகளுக்கு ஆங்கிலேய மருத்துவர் மக்பீனின் துணையுடன் சிகிச்சை நடந்தது. நோயாளி இன்னார், அவர் கண்ணின் நிலை இன்னது, செய்த சிகிச்சை இன்னது என்றெல்லாம் குறித்து வைத்தார்கள். பழுதுற்ற கண்ணை வண்ணப் படமாகவும் வரைந்தார்கள். அக்குறிப்புகளில் பல இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. மன்னர் 1832 மார்ச் 7ஆம் நாள் மறைந்தார், ஏடுகள் மறையவில்லை.

நோயை ஏன் எழுத வேண்டும்? மனித நினைவு ஏமாற்றும், ஏடு ஏமாற்றாது. இதை எங்கள் விடுதியிலேயே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கள் தோழி ஒருத்திக்கு அடிக்கடி கடும் தலைவலி வரும். துணியால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, மூலையில் படுத்துவிடுவாள். கணக்குத் தேர்வுக்குப் பயந்து நடிக்கிறாள் என்று எங்களில் சிலர் பேசினோம். அதை வெட்கத்துடன் இங்கே ஒப்புக்கொள்கிறோம். விடுதிச் சகோதரி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, வலி வரும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நின்றது, எந்தப் பக்கம், குமட்டல் இருந்ததா, வெளிச்சம் கூசியதா, முன்னிரவு எவ்வளவு தூங்கினாள், காலையில் சாப்பிட்டாளா, மாதவிலக்கு நாளா, என்ன மாத்திரை போட்டாள் என்பவையே குறிப்புகள்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டியபோது எங்கள் வாய் அடைத்துப் போயிற்று. தேர்வு நாள்களில் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொங்கல் விடுமுறையிலும் கூட வலி வந்திருந்தது. இரவு வெகுநேரம் விழித்த மறுநாளும், காலை உணவை விட்ட நாளும் பெரும்பாலும் அதில் இருந்தன. மருத்துவர் அந்த நோட்டைப் பொறுமையாகப் படித்தார். கண்களையும் சோதிக்கச் செய்தார். இது ஒற்றைத் தலைவலி என்றார். அவள் அம்மாவுக்கும் அது உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்நோய் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது; குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். வலி மாத்திரையை மாதத்தில் பல நாள்கள் விழுங்கினால் அதுவே தலைவலியை வளர்த்துவிடும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். எழுதி வைக்காவிட்டால் மாத்திரையின் கணக்கு யாருக்குத் தெரியும்?

வலி முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்குவதால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. யாரும் இப்போது அவளை நடிப்புக்காரி என்பதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், வலிப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவை கண்டால் நோட்டைத் தேட வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தோழியரே! நாட்டை இழந்த மன்னர் ஒருவர், பெயர் தெரியாத எளியவரின் கண்வலியையும் எழுதத் தக்கதாக மதித்தார். அடுத்தவர் வலியை நம்புவதே அதைப் போக்கும் முதல் படி. அடுத்த முறை சரஸ்வதி மகாலுக்குள் நுழையும்போது, அந்தக் கண் படங்களையும் நினைத்துக்கொள்வோம்.