புத்தகம் சேர்த்த தஞ்சை மன்னர்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சில விசித்திரமான படங்கள் இருக்கின்றன. ஒரு படத்தில் மனிதனின் முகம். பக்கத்தில் ஆட்டின் முகம். இன்னொன்றில் மனிதனும் ஆந்தையும். இரண்டு முகங்களுக்கும் ஒரே சாடை! பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். தன் முகம் எந்தப் பிராணியைப் போல் இருக்கிறதோ என்ற யோசனையும் வரும்.

இவற்றை வரைந்தவர் சார்லஸ் லெப்ரூன். பிரான்ஸ் தேசத்து 14-ஆம் லூயி மன்னரின் ஓவியர். 1690-இல் காலமானவர். அவருடைய படங்கள் காவிரி நாட்டுக்கு எப்படி வந்தன?

வரவழைத்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-இல் பிறந்தார். தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பிள்ளை இல்லை. எனவே மராட்டிய போன்ஸ்லே குலத்துப் பையனான இவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதே 1787-ஆம் ஆண்டில் துளஜா கண் மூடினார். பையனுக்கு வயது சுமார் 10. மன்னரின் தம்பி அமர்சிங் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பையனை அரண்மனையில் அடைத்துவைத்தார். படிப்பும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை.

அவனுக்காகப் பரிந்து பேசியவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அவர் முயற்சியால் சரபோஜி சென்னைக்குப் போனார். ஆங்கிலம் கற்றார். புத்தக ஆசை அங்கே பிடித்தது, கடைசிவரை விடவில்லை.

1798-இல் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு, அதற்குச் சில மாதங்கள் முன்பே சுவார்ட்ஸ் இறந்துவிட்டார். அவருக்காக மன்னர் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் பாதிரியார், அருகில் சரபோஜி. தஞ்சைக் கோட்டையிலுள்ள மாதா கோயிலில் அது இருக்கிறது. மன்னர் மதம் மாறவில்லை. நன்றியை மறக்கவும் இல்லை.

ராஜ்யம் போயிற்று

மறு ஆண்டே, 1799-இல், கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டது. நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். ஆண்டுக்கு 1 லட்சம் வராகன் மானியம்; வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் காவிரி வயலில் விளைந்த நெல்லின் பணம்தான். அதை மன்னர் எதில் செலவழித்தார் என்பதே அவருடைய கதை.

அரண்மனையில் நாயக்கர் காலத்திலிருந்தே ஏட்டுச் சுவடிகள் இருந்தன. சரபோஜி அத்துடன் ஐரோப்பியப் புத்தகங்களைச் சேர்த்தார். சுமார் 4,000 என்பது கணக்கு. மருத்துவம், ரசாயனம், அகராதி, படங்கள் நிறைந்த பைபிள் எல்லாம் உண்டு. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வந்தன. வந்து சேர்ந்த புத்தகங்கள் பலவற்றில் மன்னர் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டார். சிலவற்றின் ஓரத்தில் குறிப்பும் எழுதினார். அடுக்கி வைத்து அழகு பார்க்கிற ஆசாமி அல்ல!

படம் பார்ப்பதோடும் நிற்கவில்லை. அரண்மனையில் கண் நோய்க்கு வைத்தியம் நடந்தது. நோயாளியின் கண்ணை ஓவியர் வரைந்து வண்ணம் தீட்டினார். என்ன சிகிச்சை என்பதும் எழுதப்பட்டது. அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. 1805-இல் அச்சுக்கூடம் வைத்தார். ஈசாப் கதைகள் மராத்தியில் அச்சாயின.

1820-இல் சுமார் 3,000 பேருடன் காசி யாத்திரை புறப்பட்டார். வடநாட்டிலிருந்து சமஸ்கிருதச் சுவடிகள் தஞ்சைக்கு வந்தன.

1832 மார்ச் 7-இல் சரபோஜி காலமானார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். மிச்சமிருந்த அரசுரிமையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துக்காக ராணியார் லண்டன்வரை வழக்காட நேர்ந்தது. இத்தனை குழப்பத்திலும் புத்தகங்கள் தஞ்சையை விட்டுப் போகவில்லை. பர்னெல் என்ற ஆங்கிலேய நீதிபதி சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தார். 1918-இல் அது பொதுமக்கள் நூலகமாயிற்று. மன்னர் மட்டும் புரட்டிய படங்களை அதன் பிறகு ஊர் மக்களும் பார்க்க முடிந்தது.