ஏழைக் கைதிக்கும் வக்கீல்: சட்டமாக்கிக் காட்டிய கிருஷ்ணய்யர்

புதுடெல்லி: குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் ஒருவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், அரசே தன் செலவில் வக்கீலை அமர்த்தித் தர வேண்டும் என்பது இன்று நாட்டின் சட்டம். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-ல் நிலைமை இப்படி இருக்கவில்லை. விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை 22-வது பிரிவு வழங்கியது. அந்த வக்கீலுக்குக் கட்டணம் கொடுப்பது யார் என்பது பற்றி அது பேசவில்லை. வக்கீலை ஏற்பாடு செய்து தருவது அரசின் கட்டாயக் கடமை அல்ல என்றே 1951-ல் உச்ச நீதிமன்றமும் கருதியது. தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் மட்டும் அரசு செலவில் வக்கீல் அமர்த்தும் வழக்கம் இருந்தது.

இந்த நிலை மாறியதில் பலருக்குப் பங்குண்டு. அவர்களில் வக்கீல், கைதி, அமைச்சர், நீதிபதி என நான்கு நிலைகளிலும் இப்பிரச்னையைக் கண்டவர் வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒருவரே.

தலச்சேரி வக்கீல்

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் 1915 நவம்பர் 15-ம் தேதி பிறந்தவர் கிருஷ்ணய்யர். தந்தையும் வக்கீல். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தபின் சென்னையில் சட்டம் பயின்றார். அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரில், தலச்சேரியில் தொழில் தொடங்கினார்.

விவசாயிகளும் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுத் தொண்டர்களும் அவரது கட்சிக்காரர்கள் ஆயினர். கட்டணம் தர இயலாதவர்களே அவர்களில் மிகுதி. விசாரணையின்போது போலீசார் செய்யும் சித்திரவதையை எதிர்த்துக் குரல் எழுப்பிய அவர், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1948-ல் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறைவாசம் சுமார் ஒரு மாத காலமே நீடித்தது. ஆனால், சிறை என்பது என்ன என்பதை உள்ளிருந்து பார்த்த அனுபவம் பிற்காலத்தில் அவர் எழுதிய தீர்ப்புகளில் வெளிப்பட்டது.

1952-ல் கூத்துபரம்பு தொகுதியிலிருந்து சென்னை சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-ல் கேரளத்தில் அமைந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில், கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினராக இல்லாமலேயே அமைச்சரானார். உள்துறை, சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் உள்ளிட்ட துறைகள் அவரிடம் இருந்தன. ஏழைகளுக்குச் சட்ட உதவி, சிறைச் சீர்திருத்தம் ஆகிய இரண்டிலும் அப்போதே கவனம் செலுத்தினார். 1959 ஜூலை 31-ம் தேதி அந்த அமைச்சரவை நீக்கப்பட்டது. பின்னர் வக்கீல் தொழிலுக்குத் திரும்பிய அவர், 1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார்.

தருமம் அல்ல, உரிமை

1971-ல் சட்ட ஆணையத்தின் உறுப்பினராக டெல்லி வந்தார். மறு ஆண்டு அக்டோபரில், ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவரானார். 1973 மே மாதம் அக்குழு அறிக்கை அளித்தது. சட்ட உதவி என்பது வசதி படைத்தோர் இரக்கப்பட்டுச் செய்யும் தருமம் அல்ல, அரசு நிறைவேற்ற வேண்டிய கடமை என்பதே அறிக்கையின் சாரம்.

அதே ஆண்டு ஜூலை 17-ம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார். மூத்த நீதிபதிகள் மூவரைப் புறந்தள்ளித் தலைமை நீதிபதி நியமிக்கப்பட்ட சர்ச்சை அடங்காத நேரம் அது. அரசியல் பின்னணி உள்ள ஒருவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதற்கு வக்கீல்கள் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 1975 ஜூன் 24-ம் தேதி நிபந்தனையுடன் தடை விதித்தவரும் அவரே. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்தத் தடை உத்தரவு குறித்த விவாதம் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது.

இலவச சட்ட உதவிக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது அந்த நெருக்கடி நிலைக் காலத்தில்தான். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது நிறைவேற்றப்பட்ட 42-வது திருத்தம் 39ஏ பிரிவைச் சேர்த்தது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. அதை அரசு மீறினாலும் நீதிமன்றத்தில் வழக்குப் போட இயலாது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-வது பிரிவோ, செஷன்ஸ் நீதிமன்ற விசாரணைக்கு மட்டுமே வக்கீலை உறுதி செய்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலும் மேல்முறையீட்டிலும் ஏழைக் கைதிக்குத் துணை இல்லை.

1978: திருப்புமுனை

நெருக்கடி நிலை முடிந்தபின் 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கிருஷ்ணய்யரும் அந்த அமர்வில் இருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில், ஒரிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், போலீஸ் விசாரணையின்போதே வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அவரது தீர்ப்பு ஏற்றது.

அந்த ஆகஸ்ட் மாதம் வந்த ஹோஸ்கோட் வழக்கே முக்கியமானது. போலிப் பட்டச் சான்றிதழ் வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் அளித்த லேசான தண்டனையை உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டுக் கடுங்காவலாக உயர்த்தியது. தீர்ப்பின் நகல் சிறைக்கு அனுப்பப்பட்டதாக அதிகாரிகள் கூறினர். தன் கைக்கு வரவில்லை என்றார் கைதி. மேல்முறையீட்டு மனு வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மனுவில் வலு இல்லை என உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கிருஷ்ணய்யர் அப்படியே விட்டுவிடவில்லை. தீர்ப்பின் நகல் கைதிக்கு இலவசமாக, உடனடியாகத் தரப்பட வேண்டும்; சிறை அதிகாரி அதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும்; வக்கீல் வைக்க இயலாத கைதிக்கு, அவர் மறுக்காத பட்சத்தில், நீதிமன்றமே வக்கீலை நியமிக்க வேண்டும்; நீதிமன்றம் நிர்ணயிக்கும் கட்டணத்தை அரசு தர வேண்டும் என்று விதித்தார். வழிகாட்டு நெறியான 39ஏ பிரிவு, அடிப்படை உரிமையான 21-வது பிரிவுடன் இணைக்கப்பட்டது. மனுதாரர் தோற்ற வழக்கில் நாட்டின் ஏழைக் கைதிகள் அனைவருக்கும் உரிமை கிடைத்தது.

ஜாமீன் விஷயத்திலும் அவர் பார்வை இதுவே. மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், வேறு மாவட்டத்தில் சொத்துள்ள சகோதரரின் உத்தரவாதத்தையும் ஏற்கவில்லை. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கக் கிருஷ்ணய்யர் உத்தரவிட்டார்.

பின்வந்த மாற்றங்கள்

அவர் திறந்த வழியில் நீதிபதி பி.என். பகவதி மேலும் சென்றார். 1979-ல் பிகார் விசாரணைக் கைதிகள் வழக்கிலும், 1980-ல் பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கிலும் அவர் அளித்த தீர்ப்புகள், மாஜிஸ்திரேட் முன் முதல்முறை ஆஜர்படுத்தும்போதே வக்கீல் தரப்பட வேண்டும் என்ற நிலையை உருவாக்கின. கைதி கேட்காவிட்டாலும் இந்த உரிமை உண்டு என 1986-ல் முடிவானது. 1987-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், எட்டு ஆண்டுகள் கழித்து 1995 நவம்பர் 9-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி உதவி பெற அது வகை செய்தது.

1980 நவம்பரில் ஓய்வு பெற்ற கிருஷ்ணய்யர், 1987-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். 1999-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2014 டிசம்பர் 4-ம் தேதி கொச்சியில் காலமானார்.

மும்பைத் தாக்குதல் வழக்கில் 2012-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வக்கீல் பெறும் உரிமையை முதல் நாளே கைதிக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றும், தவறினால் துறை நடவடிக்கை வரும் என்றும் எச்சரித்தது. நாடே வெறுத்த குற்றவாளிக்காக எழுந்த வாதத்தில் பிறந்த இந்த உத்தரவு எல்லாக் கைதிகளுக்கும் பொருந்தும். மாவட்டந்தோறும் முழுநேர எதிர்த்தரப்பு வக்கீல்களைச் சம்பளத்துக்கு அமர்த்தும் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அரசு செலவில் வக்கீல் என்ற விதி தொடர்கிறது.

ஆயினும், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை அறிவிக்கப்படாமலே அடைபட்டிருந்த இவர்களுக்கு, சிறைக் கதவைத் தாண்டி வந்து வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கும் வக்கீல் கிடைக்கிறாரா, வழக்குப் பட்டியலில் பெயர் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர் கிடைக்கிறாரா என்பதில்தான் 1978 தீர்ப்பின் பயன் அடங்கியிருக்கிறது.