அக்னஸ் பேடன் பவல் அம்மையார்

பாடசாலை விட்டதும் சாரணியராய் மைதானத்தில் அணிவகுத்த எமக்கு பேடன் பவல் பிரபுவைத் தெரியும். அவருடைய தங்கையைப் பலருக்குத் தெரியாது.

1858இல் இலண்டனில் பிறந்த அக்னஸ் தேனீ வளர்த்தவர், பலூனில் பறந்தவர். 1909இல் கிறிஸ்ரல் பலஸ் சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழைப்பின்றியே வந்து தமக்கும் இடம் கேட்டனர். மறு ஆண்டு பெண் சாரணியம் பிறந்தது. ஐம்பதைக் கடந்த அக்னஸே முதல் தலைவி. பெண்பிள்ளைகளுக்குக் கூடாரம் எதற்கு என்ற முணுமுணுப்பை நிதானமாகவே எதிர்கொண்டார். 1912இல் அண்ணனோடு சேர்ந்து முதற் கைந்நூலை ஆக்கினார்.

கண்டியில் இலங்கையின் முதற் குழு தொடங்கிய 1917இல் அவர் தலைமைப் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு, அவரிலும் முப்பது வயது இளைய அண்ணி ஒலேவ் பிரதம சாரணியரானார். அக்னஸோ உப தலைவியாகவே 1945இல் மறையும்வரை பணிசெய்தார்.