ஊட்டிக்கு டெலஸ்கோப் தந்தவர்... அதைப் பார்க்காமலேயே போய்ட்டார்!

ஊட்டின்னா போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், கையில ஒரு பாக்கெட் வர்க்கி... இதானே உங்க பிளான்? அடுத்த ட்ரிப்ல முத்தோரை பக்கமும் ஒரு ரவுண்டு போங்க. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப் நிற்கும். அதற்குப் பச்சைக்கொடி காட்டியவர் ஹோமி பாபா.

1909-ல் மும்பையில் பிறந்தவர். மகன் இன்ஜினீயராகி ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீலுக்குப் போகணும் என்பது வீட்டின் ஆசை. கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கை முடித்த கையோடு இயற்பியலுக்குத் தாவிட்டார். (உங்க வீட்டுலயும் இந்தப் பஞ்சாயத்து நடந்திருக்குமே!)

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் நம்ம காற்றில் மோதினா என்ன ஆகும்? வேகமான எலெக்ட்ரான் அணுக்கரு அருகே போனதும் காமா கதிரை உமிழும். அது எலெக்ட்ரான் - பாசிட்ரான் ஜோடியா மாறும். அந்த ஜோடி மறுபடியும் காமாவை உமிழும். இப்படியே பெருகி, துகள்கள் மழையா கொட்டும். 1937-ல் வால்டர் ஹைட்லரோடு சேர்ந்து பாபா இதுக்குக் கணக்கு போட்டார். கம்ப்யூட்டரே இல்லாத காலம்! இன்னிக்கு ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் சுமார் 400 கருவிகள் எண்ணிக்கிட்டிருப்பது அப்படிப்பட்ட மழையைத்தான். 2014 டிசம்பர் 1-ல் ஊட்டிக்கு மேல வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததையும் இதே கூடம்தான் கண்டுபிடிச்சது.

1939-ல் லீவுக்கு ஊருக்கு வந்த பாபா, போர் வெடித்ததால் திரும்ப முடியலை. சி.வி.ராமன் இருந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். போர் முடிந்த பிறகும் போகலை. 1945-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிட்டார்.

1961-ல் வெளிநாட்டில் இருந்த நான்கு இளம் ரேடியோ வானியலாளர்கள், இந்தியா திரும்பி வேலை செய்யத் தயார்னு பல நிறுவனங்களுக்கு எழுதினாங்க. அடுத்த சில மாதங்களிலேயே பாபாவிடமிருந்து தந்தி போனது. இன்டர்வியூ முடிந்து ஆறு மாசமா ஹெச்.ஆர் மெயிலுக்குக் காத்திருப்பவங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்! அந்த நால்வரில் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார். பூமத்திய ரேகைப் பக்கம் இருந்தால் டெலஸ்கோப்பைப் பூமியின் அச்சுக்கு இணையா வைப்பது சுலபம். நாம அங்கே இல்லையே? அதனால் சுமார் 11 டிகிரி சாய்ந்த சரிவைத் தேடி, முத்தோரையில் பிடிச்சாங்க.

1966 ஜனவரி 24. பாபா பயணித்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில், மோன் பிளாங்கில் மோதி நொறுங்கியது. அவருக்கு வயது 56.

முத்தோரை டெலஸ்கோப் 1970-ல் வேலையைத் தொடங்கியது.