கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

ஆத்திசூடி பாடிய ஒளவையாரை நம்மில் எவரும் கண்டதில்லை. ஆயினும் அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நரைத்த கூந்தலும், நெற்றி நிறைந்த திருநீறும், கையில் கோலும் கொண்ட ஓர் உருவம் நம் கண்முன் வந்து நிற்கிறது. அந்த உருவத்தைத் தமிழ் மக்களுக்குத் தந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். நம் பெற்றோரில் பலர், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலேயே அவர் குரலைக் கேட்டவர்கள். மாணவச் செல்வங்கள் பலருக்கு அவர் வரலாறு தெரியாது. அதனால் இங்கு எழுதுகிறேன்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அம்மையார் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். பெயருக்கு முன்னுள்ள 'கே' ஊரையும், 'பி' தாயையும் குறிப்பன. குடும்பத்தில் கொடிய வறுமை. இரயில் வண்டியில் பாடிப் பிழைக்க வேண்டிய நிலை அந்தச் சிறுமிக்கு ஏற்பட்டது. இசைக் கல்லூரியோ வீடு தேடி வரும் ஆசிரியரோ அவருக்கு வாய்க்கவில்லை. ஓடும் வண்டியின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் மட்டுமே அவருக்கு இருந்த செல்வம். அக்குரலே அவரை நாடகக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அக்காலத்து நாடகத்தைப் பற்றி இளையோருக்குச் சிறிது விளக்க வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் பொழுது விடியும் வரை நடக்கும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் பாட்டு விழ வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்ற வகையில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை பாராமலே வள்ளியும் வேலனும் மேடையில் சந்திப்பர். ஒருவர் பாடியதற்கு மற்றவர் அங்கேயே பாட்டாலும் தருக்கத்தாலும் விடை கூற வேண்டும். தடுமாறினால் அவையோர் விடமாட்டார்கள்!

இத்தகைய மேடையில், 1920களின் நடுவில் கொழும்பு நகரில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு சுந்தராம்பாளுக்கு வந்தது. கிட்டப்பா அப்போதே பெரும் புகழ் பெற்றவர். உச்ச சுருதியில் அநாயாசமாகப் பாடக்கூடியவர். அவருக்கு ஈடுகொடுக்க இந்தப் பெண்ணால் முடியுமா என்று நண்பர்கள் அஞ்சினர். அம்மையார் அஞ்சவில்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவர் குரலும் சேர்ந்தபோது மக்கள் மெய்ம்மறந்தனர். பின்னர் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது. ஆகவே அந்த இல்வாழ்வில் மகிழ்ச்சியோடு மனத்தாங்கலும் பிரிவும் கலந்தே இருந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைத் துறந்தார், இனி எந்த ஆண் நடிகருடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஒரு நடிகைக்கு இது தொழிலையே துறப்பதற்கு ஒப்பானது. அந்த உறுதியால் அவர் இழந்த வேடங்கள் எத்தனையோ! இளம் வயதில் ஒரு பெண் இப்படித் தன்னை ஒடுக்கிக்கொண்டதை இன்று எல்லாரும் ஏற்கமாட்டார்கள். எனக்கும் அது வருத்தந்தான். ஆனால் அது அவராகவே விரும்பி எடுத்த முடிவு. இறுதிவரை அதைக் காத்தார்.

படமெடுக்க வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் மட்டும் விடவில்லை. ஒரு இலட்சம் ரூபாய் கேட்டால் போய்விடுவார் என்று எண்ணி அம்மையார் அத்தொகையைச் சொல்ல, அவர் உடனே இசைந்துவிட்டாராம். அரிசியும் துணியும் அணாக்கணக்கில் விற்ற காலத்தில் ஒரு இலட்சம்! 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். சேரியில் பிறந்து தில்லையைக் காணத் துடித்த நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்ற பெரும் வித்துவான். இவ்வாறு தம் உறுதிக்குப் பங்கம் வராமலே அவர் திரையில் தோன்றினார். படம் எதிர்பார்த்த அளவு வெற்றி பெறவில்லை என்பதையும் கூற வேண்டும். 1940இல் 'மணிமேகலை' வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் திரையில் அவரைக் காணோம்.

அக்காலத்தில் அவர் குரல் நாட்டு விடுதலைக்குப் பயன்பட்டது. கதராடை அணிந்து காங்கிரஸ் மேடைகளில் பாடினார். அவர் பாடுகிறார் என்றால் கூட்டம் தானே சேரும். தலைவர் சத்தியமூர்த்திக்கு அது பெருந்துணையாயிற்று. 1951இல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினரானார். இரயிலில் பாடிய சிறுமி சட்டமன்றத்தில் அமர்ந்தார். திரைக்கலைஞர் ஒருவர் இந்தியாவில் அவ்வாறு அமர்ந்தது அதுவே முதன்முறை.

பிறகுதான் 'ஒளவையார்'. ஜெமினி எஸ். எஸ். வாசன் பெரும் பொருட்செலவில் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வெளியிட்ட படம். யானைக்கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆயினும் அத்தனை யானைகளையும் விட அம்மையாரின் ஒற்றைக் குரலே பெரிதாக நின்றது என்பேன். நாற்பத்து நான்கு வயதுப் பெண் முதுமூதாட்டியாகத் தோன்றியதில் செயற்கை சிறிதுமில்லை.

அதுமுதல் அவர் ஏற்றவை பெரும்பாலும் வயது முதிர்ந்த வேடங்களே. 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். அம்மையாரோ முருகனையே மூச்சாகக் கொண்டவர். கவுந்தியடிகளோ சமணத் துறவி. எனினும் வேடத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் கோபித்து மலையேறிய முருகனைச் சமாதானம் செய்யும் ஒளவையாராக மீண்டும் வந்தார். சிறிது நேரமே தோன்றினாலும், அந்தப் பாட்டு இன்றும் நம் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. பாடிக்கொண்டே சொற்களைத் தெளிவாக உச்சரிப்பது எப்படி என்று அறிய விரும்பும் மாணவர்கள் அதைக் கூர்ந்து கேட்க வேண்டும். ஓர் எழுத்தும் சிதையாது. 'ழ'கரம் 'ழ'கரமாகவே ஒலிக்கும்.

1966இல் தமிழிசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' பட்டம் வழங்கியது. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் 'பத்மஸ்ரீ' விருது வந்தது. 1973இல் 'காரைக்கால் அம்மையா'ரில் நடித்தபோது வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது. குரலில் கம்பீரம் குறையவில்லை.

1980இல் அம்மையார் இயற்கை எய்தினார். கிட்டப்பா மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. அத்தனை ஆண்டுகளும் அவர் வெள்ளைச் சேலையை மாற்றவேயில்லை.